மஞ்சள் காகிதத்தின் மேல் லூபென்

அத்தியாயம் ஏழு

போன வாரம் நெவேனாவை நாம் விட்டுவிட்டு வந்தது அடுப்படியில், கையெல்லாம் மாவும் மனசெல்லாம் பயமுமாக. பொழுது விடிந்து அந்த நாளும் வந்துவிட்டது. மாவு கையை விட்டுப் போய்விட்டது. பயம் மட்டும் போகிற வழியைக் காணோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கர்னோபாத் ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். நெவேனாவின் ஒரே பெண் கலீனாவுக்கும் அவர்கள் பிள்ளை அசெனுக்கும் நிச்சயம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முதல்முதலாக முகம் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

காலை ஒன்பது அடிக்கவும் செல்போன் அடிக்கவும் சரியாக இருந்தது. திரையில் 'பல் டாக்டர்' என்று வந்தது.

"உன் பல் டாக்டர் கூப்பிடறாரும்மா," என்றாள் கலீனா, அடுப்பில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டே. "இந்த மாசத்துல இது இருபதாவது தடவை. வாயில எத்தனை பல்லும்மா இருக்கு உனக்கு?"

"சும்மா இருடி."

"நான் ஒண்ணும் சொல்லலையே. அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. உனக்கும் அம்பத்திரெண்டுதான் ஆகுது. நல்ல மனுஷனா இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

நெவேனா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அம்மாவுக்கு யாரோ இருக்கிறார்கள் என்று பெண் நினைத்தால் நினைத்துக்கொண்டு போகட்டும். அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். உண்மையைத்தான் தாங்க முடியாது.

உண்மை என்னவென்றால், பல் டாக்டரும் இல்லை, சிநேகிதனும் இல்லை. கூப்பிடுகிறவன் பெயர் காமென். வசூல் கம்பெனி ஆள். தேன் தடவின குரல்.

"நல்லா தூங்குனீங்களா, திருமதி நெவேனா?"

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை கட்டறேன்னு சொன்னீங்க. வெள்ளி போய் சனி வந்துடுச்சு."

"இன்னும் சம்பளம் வரலைங்க."

"உங்க ஃபேக்டரியில அஞ்சாம் தேதியே போட்டுட்டாங்களே." அதையும் விசாரித்து வைத்திருக்கிறான். "சரி, நான் உங்களைச் சங்கடப்படுத்த விரும்பல. நீங்க போன் எடுக்காத நாள்ல தகவல் தப்பாம சேரணும் இல்லையா? அதனால எங்க ஆளு இன்னிக்கு விடியக்காலையில உங்க பக்கம் வந்துட்டுப் போயிருக்காரு. கீழ வாசல் கதவைப் போய்ப் பாருங்க."

நெவேனா போனை அணைத்தாள்.

இந்தக் கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நெவேனாவுக்கு ஒரு தம்பி, வெல்கோ. எந்தச் செல்போன் கடையில் அவன் பெயரைச் சொன்னாலும் கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அக்காவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். "கையெழுத்து மட்டும்தான் உன்னுது அக்கா, காசு என்னுது" என்றான். முதுகில் மூன்று கண் வைத்த விலை உயர்ந்த போன், இரண்டு வருஷ ஒப்பந்தம். மூன்று மாசம் ஒழுங்காகக் கட்டினான். நாலாவது மாசம் ஜெர்மனிக்குப் பஸ் ஏறினான். அதற்கப்புறம் அவன் நம்பரும் செத்தது, அவன் பேச்சும் செத்தது. பில் அபராதத்தைப் பெற்று, அபராதம் இன்னொரு அபராதத்தைப் பெற்று, கடைசியில் செல்போன் கம்பெனி அந்தக் கடனைத் தூக்கி வசூல்காரர்களிடம் கொடுத்துவிட்டது.

ஏமாந்தவள்தானே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று போன வாரம் பலபேர் எனக்கு எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, கலீனா தன் சிநேகிதிக்கு ஜாமீன் போடப் போனபோது, 'யாருக்காகவும் எதிலயும் கையெழுத்துப் போடாதே' என்று இதே நெவேனா ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தாள்.

இன்னொன்று, அந்த அடுக்குமாடியில் அவர்கள் வாசலுக்கு நெவேனாதான் காசாளர். பதினெட்டு வீட்டுக்கும் லிஃப்ட், மாடிப்படி விளக்கு, கூட்டுகிறவள் சம்பளம் எல்லாம் மாசாமாசம் அவள் கையில்தான் வரும். தராதவர்கள் பெயரை எழுதிக் கதவுக் கண்ணாடியில் ஒட்டுவாள். எல்லா வாசலிலும் அப்படித்தான். ஆனால் சிவப்பு மை நெவேனாவின் சொந்தச் சேர்க்கை.

அவள் படி இறங்கி ஓடினாள்.

மஞ்சள் காகிதம். தட்டு அளவு எழுத்து. மாசாமாசம் அவள் பட்டியல் ஒட்டுகிற அதே இடம், வெளிப்பக்கம், தெருவில் நடந்தாலே தெரிகிற உயரத்தில்.

'அவசரம். வீட்டு எண் பதினான்கு. நெவேனா பெத்கோவா. செல்போன் ஒப்பந்தக் கடன். பலமுறை கேட்டும் கட்டவில்லை.'

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். என்ன பசை போட்டானோ பாவி, கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் பொட்டளவு பிய்ந்தது, அவ்வளவுதான். வெந்நீரும் பிளேடும் கொண்டுவந்து அரைமணி நேரம் உட்கார்ந்து சுரண்டினால் வரும். ஆனால் எதிரே பஸ் நிறுத்தம். சனிக்கிழமை காலை. சுரண்டுகிறவளைப் பார்க்காமல் எவள் பஸ் ஏறுவாள்? தமுக்கு அடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மறைக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பொழுது மறைத்தால் போதும். சம்பந்தியம்மா வந்து, சாப்பிட்டு, போய்விடட்டும். அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம்.

மேலே ஓடி இழுப்பறையைக் கிளறினாள். அவள் கையெழுத்துப் பட்டியல் எல்லாம் அரைத்தாள், போதாது. காலண்டர் மாட்டினால் எதற்கு இங்கே காலண்டர் என்று நாலு பேர் தூக்கிப் பார்ப்பார்கள். கதவில் இருந்தால் யாரும் கை வைக்காத தாள் எது?

இழுப்பறையின் அடியில் இருந்தது. கெட்டியான வெள்ளைத் தாள், சுற்றிலும் கறுப்புக் கோடு, நடுவில் அவள் புருஷன் லூபெனின் படம்.

எங்கள் ஊரில் செத்தவர்களை ஒரு தடவை அறிவித்ததோடு விட்டுவிடுவதில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாசம், வருஷம் என்று படம் போட்ட தாள் கதவிலும் மரத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும். நின்று படிக்காமல் யாரும் போகமாட்டார்கள். கிழிக்கவும் மாட்டார்கள். லூபெனுக்கு ஆறாம் மாசம் வந்தபோது அச்சுக்காரன் தேதி போட மறந்து ஒரு கட்டு அடித்துவிட்டான். வேறு அடித்துக் கொடுத்தான். தப்பாக அடித்ததைத் தூக்கிப் போட மனசு வராமல் நெவேனா வைத்திருந்தாள்.

'எங்கள் அன்பு லூபென் எங்களைப் பிரிந்து ஆறு மாதங்கள் ஆகின்றன' என்று இருந்தது.

நாலு பக்கமும் டேப்பு போட்டு மஞ்சள் காகிதத்தின் மேல் ஒட்டினாள். கச்சிதமாக மூடியது. லூபென் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தவரை ஒரு லெவா கடன் வைக்காத மனுஷன். கரண்ட் பில் வந்த அன்றே போய் வரிசையில் நிற்பான்.

"மன்னிச்சுக்கோ லூபென்," என்றாள் அடிக்குரலில். "இன்னிக்குச் சாயங்காலம் மட்டும் இங்க நில்லு."

அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. செத்தவனைக் கொண்டுவந்து கடனுக்குக் காவல் வைக்கிறோமே என்று நினைத்தாள். நினைத்தபடியே டேப்பை இன்னொரு தடவை அழுத்திவிட்டாள்.

"என்ன நெவேனா, லூபெனுக்கு இப்பத்தான் ஆறு மாசம் ஆகுதா?"

தெமெனுகா. முதல் மாடி. அறுபத்தைந்து வயது, பென்ஷன் பாதி மருந்துக்கும் மீதி ஏழு பூனைக்கும் போய்விடும். சிவப்பு மையில் அதிகம் ஏறிய பெயர் அவளுடையதுதான். போன மாசம் நெவேனா அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"பழைய தாளு தெமெனுகா அக்கா. வீணாப் போகுதேன்னு ஒட்டினேன்."

"ம். வீணாப் போகக் கூடாது." கிழவி பூனைத் தட்டில் பாலை ஊற்றினாள். "சம்பந்தி வராங்களாமே இன்னிக்கு?"

"ஆமா."

"நல்லபடியா நடக்கட்டும்."

தெமெனுகா தினமும் ஆறு மணிக்கே பூனையோடு வாசலுக்கு வந்துவிடுவாள் என்பது படியேறும்போதுதான் நெவேனாவுக்கு உறைத்தது. பார்த்திருப்பாளா? பார்த்திருந்தால் இத்தனை நேரம் சொல்லிக்காட்டாமல் இருப்பாளா?

வீட்டில் கலீனா மேஜை போட்டு முடித்திருந்தாள். நெவேனா தட்டுகளை எண்ணினாள்.

"ஆறு தட்டு எதுக்குடி? நாம ரெண்டு பேரு, அவங்க மூணு பேரு."

"ஆச்சரியம். சாயங்காலம் பாரு."

"யாருடி?"

"சொன்னா அப்புறம் என்ன ஆச்சரியம்? உனக்குத்தான்மா. ரொம்ப நாளா நீ பாக்கணும்னு தவிச்சுக்கிட்டிருக்கற ஆளு."

நெவேனா பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ அந்தப் பல் டாக்டர் நம்பருக்கு ஏதும் போன் பண்ணலையே?"

கலீனா வாய்விட்டுச் சிரித்தாள். "முகத்தப் பாரு, எப்படிச் செவக்குதுன்னு."

பண்ணினேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நெவேனா அன்றைக்கு பனித்சா பலகாரத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

ஐந்து மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஹரலாம்பி ஐந்து லிட்டர் கேனில் சொந்தமாகக் காய்ச்சிய ராக்கியாச் சாராயத்தோடு முதலில் நுழைந்தார். பின்னால் அசென். அதற்குப் பின்னால் அவன் அம்மா யோர்தாங்கா, கையில் பூங்கொத்து. பூவை நெவேனாவிடம் நீட்டியபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கன்னத்தில் முத்தம் வைத்த மாதிரி காற்றில் வைத்தாள்.

பிரயாணக் களைப்பு என்று நெவேனா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சாலட் வந்தது, சுட்ட குடைமிளகாய் வந்தது. ஹரலாம்பி எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் கிளாசைத் தூக்கினார். "சரி, பசங்க நல்லா இருக்கட்டும்" என்று நெவேனாவின் கிளாசோடு மோத வந்தார். யோர்தாங்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மோதாதீங்க. இருக்கறவங்களுக்கு அப்புறம் குடிக்கலாம். மொதல்ல கலீனாவோட அப்பாவுக்கு. கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

துக்கத்துக்குக் குடிக்கும்போது கிளாஸ் மோதுகிற வழக்கம் இல்லைதான். ஆனால் இது நிச்சயதார்த்த மேஜை. ஐந்து பேரும் சத்தமில்லாமல் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார்கள். கலீனா அசெனைப் பார்த்தாள். அசென் சாலட்டைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேஜை மேலேயே கிடந்தது. நெவேனா கை நீட்டுவதற்குள் கலீனா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"காலையில மட்டும்தான்னு நெனச்சேன், இப்ப சாயங்காலமும் பல்லு வலிக்குதா?" மேஜையில் கவிந்திருந்த இறுக்கத்தைக் கலைக்க வேண்டும் என்று அவளுக்கு. பாவம், நல்லது நினைத்துத்தான் செய்தாள். "அத்தை, உங்களுக்குத் தெரியாதே, எங்கம்மாவுக்கு ஒரு ஆள் இருக்காரு. தினம் ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாரு. இவங்க பால்கனிக்கு ஓடுவாங்க. பேரை மறைக்கப் பல் டாக்டர்னு போட்டு வெச்சிருக்காங்க."

ஹரலாம்பி சிரிக்க வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

யோர்தாங்கா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "ஆறு மாசத்துலயா?"

"என்ன அத்தை?"

"கலீனா, உங்கப்பா போய் மூணு வருஷம் ஆச்சுன்னு நீ எங்கிட்ட சொன்னே."

"ஆமா."

"கீழ கதவுல ஆறு மாசம்னு போட்டிருக்கு. புதுசா ஒட்டினது, டேப்பு பளபளன்னு இருக்கு. நான் ரெண்டு தடவை படிச்சேன்." யோர்தாங்கா குரலை உயர்த்தவே இல்லை. "எங்க வீட்டுல வருஷம் கழியாம நிச்சயம் பண்ண மாட்டோம். அது தெரிஞ்சுதான் நீ மூணு வருஷம்னு சொன்னியா? உங்கம்மா விஷயம் உங்கம்மாவோட. நான் அதுல நுழைய மாட்டேன். ஆனா எங்கிட்ட பொய் சொல்ற பொண்ணு நாளைக்கு என் பையன்கிட்ட என்ன சொல்லும்னு நான் யோசிக்கணும் இல்லையா?"

"அம்மா," என்றான் அசென்.

"நீ சும்மா இரு. நான் பெத்தவ, கேப்பேன்."

கலீனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தத் தாளு? மூணு வருஷம்தான் அத்தை, சத்தியமா மூணு வருஷம். அம்மா, நீ சொல்லும்மா."

நெவேனா வாயைத் திறந்தாள். ஆமாம் மூணு வருஷம் என்றால், அப்புறம் தாள் எதற்கு என்பார்கள். தாள் எதற்கு என்றால், அடியில் என்ன என்பார்கள்.

"அம்மா?"

"மூணு வருஷம்தான்," என்றாள் கடைசியில். அவள் சொன்ன விதத்தில் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

கலீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கதவை நோக்கி ஓடினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். லிஃப்டில் நாலு பேருக்குத்தான் இடம். நெவேனா ஐந்து மாடியும் படியில் இறங்கினாள்.

ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொய் தோன்றியது. எவனோ விளையாடிவிட்டான் என்று சொல்லலாம். ஞாபக மறதி வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் யோர்தாங்கா நம்பாவிட்டால்? என் பெண் பொய்க்காரி என்ற பெயரோடு அந்த வீட்டுக்குப் போவாள். போனால்தானே? போகவே மாட்டாள். சம்பந்தியம்மா இன்றைக்கே பூவைக்கூட எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இரண்டாம் மாடிக்கு வரும்போதே கலீனா அழுகிற சத்தம் கேட்டது.

"யாரு ஒட்டினது இதை? அம்மா, யாரு ஒட்டினது?"

எல்லாரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். கண்ணாடியில் லூபென். ஓரமாகத் தெமெனுகா, கால்மாட்டில் பூனைகள்.

"நான்தான் ஒட்டினேன்," என்றாள் தெமெனுகா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழைய தாளு ஒண்ணு எங்கிட்ட கெடந்துச்சு. லூபென் ஞாபகம் வந்துச்சு, ஒட்டிட்டேன். நல்ல மனுஷன், எங்க குழாயெல்லாம் ரிப்பேர் பண்ணித் தருவான். எனக்குக் கண்ணு தெரியல, ஆறு மாசம்னு இருக்கறதைப் பாக்கல. அவன் போய் மூணு வருஷம் ஆச்சு, இந்த வாசல்ல யாரை வேணா கேளுங்க."

யோர்தாங்காவுக்கு இத்தனை நேரம் அடக்கி வைத்த கோபமெல்லாம் போவதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. "என்ன பொம்பளைம்மா நீ? செத்த மனுஷனை வெச்சு விளையாடறியா? இன்னும் கொஞ்சம் போனா நான் கிளம்பிப் போயிருப்பேன், ஒரு பொண்ணு வாழ்க்கையே போயிருக்கும். இத்தனை வயசாச்சு, வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கும்மா," என்றாள் தெமெனுகா. "எனக்குப் பழக்கம்தான். என் பேரு இந்தக் கதவுல அடிக்கடி வரும்."

நெவேனாவை அவள் பார்க்கக்கூட இல்லை. குனிந்து காலித் தட்டை எடுத்தாள்.

பார்த்திருக்கிறாள். ஆறு மணிக்கே மஞ்சள் காகிதத்தைப் படித்திருக்கிறாள். நாள் பூரா வாயைத் திறக்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்துதான் போயிற்று. யோர்தாங்கா கலீனாவை இழுத்து அணைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா, நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். ஹரலாம்பி, "ராக்கியா சூடாயிடும், வாங்க போலாம்" என்றார். எல்லாரும் லிஃப்டுப் பக்கம் திரும்பினார்கள். நெவேனா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கூடவே திரும்பி, கூடவே மேலே போனால் போதும்.

அவள் திரும்பவில்லை. தெமெனுகாவின் வளைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை மாசம் இந்த முதுகு தன் பெயரைக் கடந்து உள்ளே போயிருக்கும், எத்தனை மாசம் கடந்து வெளியே வந்திருக்கும். கீழே இரண்டு கோடு போட்டது தன் கைதான். வெட்கம் தாங்கவில்லை அவளுக்கு. காலையிலிருந்து பட்ட வெட்கம் வேறு, இது வேறு. அது யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற வெட்கம்.

"சம்பந்தியம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க."

கதவுக்குப் போனாள். முதல் டேப்பைப் பிய்த்தாள். பிறகு இரண்டாவது.

"நெவேனா, வேணாம் விடு," என்றாள் தெமெனுகா மெதுவாக.

மூன்றாவதையும் நாலாவதையும் பிய்த்தாள். லூபெனை மடங்காமல் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். மஞ்சள் காகிதம் வெயிலில் இன்னும் மஞ்சளாக இருந்தது.

வாசல் கூட்டத்தில் கணக்குப் படிப்பாளே, அந்தக் குரலில் படித்தாள். "வீட்டு எண் பதினான்கு. நெவேனா பெத்கோவா. செல்போன் ஒப்பந்தக் கடன். பலமுறை கேட்டும் கட்டவில்லை."

பஸ் நிறுத்தத்தில் இருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"இது நான்," என்றாள் நெவேனா. "பல் டாக்டர்னு கூப்பிடறவன் இவங்க ஆளு. எனக்கு வேற யாரும் இல்ல. காலையில இந்தத் தாளைப் பாத்தேன். நீங்க பாத்துடக் கூடாதுன்னு எம்புருஷனைக் கொண்டுவந்து மேல ஒட்டினேன். தெமெனுகா அக்கா ஒட்டல. எம்பொண்ணும் பொய் சொல்லல. பொய் சொன்னது நான் ஒருத்திதான்."

கலீனா கண்ணைத் துடைக்க மறந்து நின்றாள். "கையெழுத்தே போடாதேன்னு எனக்குச் சொன்னியேம்மா."

"சொன்னேன்."

"ஒரு வாரம் எங்கிட்ட பேசாம இருந்தியே."

"இருந்தேன்."

யோர்தாங்கா கிட்டே வந்து காகிதத்தை ஒரு தடவை படித்தாள். மேலே மேஜையில் அடித்த நெவேனாவின் போனை நினைத்துப் பார்த்தாள். பத்து வருஷத்துப் பழசு, மூலையில் விரிசல். அந்த அம்மாள் லேசுப்பட்டவள் இல்லை.

"அந்த ஓட்டை போனுக்கா இத்தனை கடன்? யாருக்கு வாங்கிக் கொடுத்தீங்க சம்பந்தி?"

நெவேனா லூபென் படத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். தன் மானத்தைக் கழற்றிக் கதவில் மாட்டியாயிற்று. கூடப் பிறந்தவன் மானத்தை எடுத்துப் பக்கத்தில் மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் டாக்சி வந்து நின்றது.

பின் கதவு திறந்தது. முதலில் ஒரு பெரிய பூங்கொத்து வெளியே வந்தது. அதற்குப் பின்னால் வெளிர்நீல சூட், ஜெர்மனியில் வாங்கிய பளபளக்கும் காலணி, நல்ல வெயில் பட்ட முகம்.

"ஆறாவது தட்டும்மா," என்றாள் கலீனா, குரல் உள்ளே போய்விட்டது. "மாமா பேஸ்புக்ல கிடைச்சாரு. நீ சந்தோஷப்படுவேன்னுதான் கூப்பிட்டேன்."

வெல்கோ வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகிவிட்டான். "என்னை வரவேற்க எல்லாருமே கீழ வந்துட்டீங்களா? கலீனாக் குட்டி, அழுதியா? கல்யாணப் பொண்ணுன்னா அழத்தான் செய்யும். நகராதீங்க, யாரும் நகராதீங்க, அப்படியே ஒரு படம் எடுத்துக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து உயர்த்தினான். அதன் முதுகில் மூன்று கண் இருந்தது.

நெவேனா அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை யோர்தாங்கா பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் சிரியேன். மாப்பிள்ளை, நீங்க இந்தப் பக்கம்." வெல்கோ போன் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "பின்னாடி கதவுல ஏதோ ஒரு மஞ்சத்தாளு படத்துல விழுதே. அசிங்கமா இருக்கு. யாராவது அதை மறைச்சாப்புல நில்லுங்களேன்."

யாரும் அசையவில்லை. தெமெனுகாவின் பூனை ஒன்று வந்து அவன் பளபளக்கும் காலணியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

நெவேனா லூபெனை மார்போடு பிடித்தபடி ஒரு அடி தள்ளி, காகிதம் முழுசாகத் தெரிகிற மாதிரி நின்றாள்.

"இப்ப எடு," என்றாள்.